பதினாறு பிண்டங்கள்

கயா க்ஷேத்திரத்தில் பிதிருக்களுக்கெல்லாம் பிண்டமிட்டான பின்பு, தாய் ஒருத்தியை மட்டும் உத்தேசித்து 16 பிண்டங்கள் வைக்கும் கிரியை ஒன்று உண்டு. மாத்ரு ஷோடசி என்பது அதன் பெயர். ஒவ்வொரு பிண்டத்துக்கும் ஒரு சுலோகம்; என்பொருட்டு அவள் பட்ட இன்ன துன்பத்துக்குப் பரிகாரமாக இதை அளிக்கிறேன் என்ற விண்ணப்பமே அதன் சாரம். மேடுபள்ளமான வழியில் கர்ப்பத்தோடு நடந்தது, மாதந்தோறும் பட்ட வேதனை, குடித்த கசப்பு மருந்து, மலஜலத்தால் நனைந்த படுக்கையில் கழித்த இரவுகள், குழந்தைக்கு நோய் கண்டபோது அடைந்த கலக்கம் என்று அந்த வரிசை போகிறது. விரைந்து மந்திரம் சொல்லிச் செல்லும் புரோகிதரை நிறுத்தி அர்த்தம் கேட்பவர் சிலரே; கேட்டவர்கள் கண் கலங்காமல் எழுந்திருப்பது அரிது.

யமத்துவாரத்தின் கோரமான வழியைச் சொல்லும் பிண்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மற்றவையெல்லாம் மகனுக்கு ஞாபகமே இராத காலத்தைச் சேர்ந்தவை என்பது விசித்திரம். தொண்ணூறு பிராயம் கடந்து, கொள்ளுப்பேரனையும் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு மறைந்த தாயைப் பற்றி ஒரு முழு ஆயுளின் ஞாபகங்கள் அவனிடம் குவிந்து கிடக்க, சாஸ்திரம் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. துறவு பூண்ட பிறகும் அந்திமக் கிரியைக்குத் திரும்பி வந்ததாகச் சொல்லப்படும் பட்டினத்தார் தாயின் சிதை முன் பாடியவற்றிலும், சங்கரர் பெயரால் வழங்கும் மாத்ரு பஞ்சகத்திலும், சுமந்ததும் பெற்றதும் அல்லவா முன்னே நிற்கின்றன!

நினைவிலேயே இல்லாத ஒன்றுக்கு மனிதன் எவ்வாறு கடன்பட முடியும்? பிரத்தியட்சம் இங்கே உதவாது. எல்லாத் தாய்மாரும் பட்டதை இவளும் பட்டிருப்பாள் என்பதற்கு மேல் அனுமானமும் போகாது. எஞ்சுவது ஆப்த வாக்கியம் ஒன்றே. அந்த ஆப்தர் பெரும்பாலும் பாட்டிதான். ‘நீ பிறந்த அன்று உன் அம்மா பிழைப்பாளோ மாட்டாளோ என்று ஸ்வாமி விளக்கை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லையடா’ என்று என் பாட்டி சொன்னதைத் தவிர, என் தாயார் பட்ட வேதனைக்கு என்னிடம் வேறு சாட்சியம் இல்லை. தாயார் தம் வாயால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவரே பாட்டியான பிறகு, என் மனைவி பட்ட சிரமத்தையெல்லாம் என் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, வெற்றிலை மடித்தபடியே, சற்று மிகைப்படுத்தியும்கூடச் சொல்லியிருக்கிறார். நீண்ட ஆயுள் என்ற எண்ணிக்கையில் எனக்குப் பெரிய மயக்கம் கிடையாது. தன் துன்பத்தை மறைத்துவிட்டு, மருமகளின் துன்பத்துக்குச் சாட்சி சொல்லும் வரையில் ஒருத்தியின் வாழ்நாள் நீள்வதில்தான் அந்தப் பாக்கியத்தின் தாத்பரியம் புலப்படுகிறது.

சிராத்தத்தில் தாயை வசு ரூபமாகவும் பாட்டியை ருத்திர ரூபமாகவும் கொள்ளுப்பாட்டியை ஆதித்திய ரூபமாகவும் பெயர் சொல்லி அழைக்கிறோம். அதற்கு மேல் பெயர் இல்லை. 16 பிண்டங்களும் தாய்க்கே உரியவை; பேரன் பாட்டிக்குப் பட்ட கடனுக்கு அங்கே கணக்கில்லை. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் நம் வழக்கம் அந்தக் குறையை ஒருவாறு நிரப்புவதாகவே எனக்குத் தோன்றுகிறது. என் தாயாருக்குப் பந்தம் பிடித்த என் மகன், காரியங்களெல்லாம் முடிந்த பின் ஒருநாள், பாட்டி சொன்ன பிரசவக் கதையெல்லாம் உண்மைதானா என்று தன் தாயிடம் போய் விசாரித்தான். ‘பாட்டி ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வார், உனக்குத் தெரியாதா?’ என்று அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.