எம்டனுக்கு எத்தனை மார்க்?

ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பென்சில் எல்லாம் வேண்டாம். மனக்கணக்கே போதும்.

1914 செப்டம்பர் 22. ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளில் இரண்டு பற்றிக்கொண்டு எரிந்தன. துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு கப்பலுக்கு அடி. ஹைகோர்ட் காம்பவுண்டுச் சுவரிலும் ஒரு குண்டு. அதற்கான கல்வெட்டை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். செத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கரையிலிருந்து பீரங்கிகள் திருப்பிச் சுட்டன. ஒன்றும் படவில்லை. எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் போயே போய்விட்டது.

சொல்லுங்கள். இதற்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

'மனுஷன் செத்த விஷயத்துக்கு மார்க்காவது, மண்ணாங்கட்டியாவது' என்று முகம் சுளிக்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் சுளித்தேன். கேள்வி என்னுடையது இல்லை. பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில், மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கிற மூன்று பையன்களுடையது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். ஒருவர் எம்டன். ஒருவர் சென்னைத் துறைமுகம். ஒருவர் பினாங்கு. இருவர் எம்டனைத் துரத்துகிற பிரிட்டிஷ் கப்பல்கள். மற்றவர்கள் சரக்குக் கப்பல் கேப்டன்கள். கடல், அலை, நிலா வெளிச்சம் எல்லாம் ஜோராகப் போட்டுவிட்டார்கள். மாட்டிக்கொண்டது மார்க்கில்.

"சார், யாருக்கு எதுக்கு எவ்ளோ பாயின்ட்னு சொல்லிட்டீங்கன்னா மேட்டர் முடிஞ்சுது" என்றான் ஒருவன். முடியவில்லை. மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, குண்டு பட்டால் பத்து, ஆள் செத்தால் ஐம்பது என்று போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்பீர்கள். உலகத்தில் பாதி விளையாட்டுகள் அப்படித்தான். பிரபலமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் ராணுவம், பொருளாதாரம், தொழில்நுட்பம், சமூகம் என்று நாலு சப்ஜெக்டில் மார்க் ஷீட் வந்துவிடும். பிளஸ் டூ மாதிரி. அதன் இரண்டாம் பாகத்தில் 2022-ல் 'திராவிடர்கள்' என்றே ஒரு நாகரிகம் சேர்ந்து, நம் ராஜேந்திர சோழனும் உள்ளே வந்துவிட்டார். சந்தோஷம். ஆனால் அந்த ஆட்டத்தில் விறகு வெட்டுகிற கிராமத்தானைக் கொன்றாலும் அது எதிரியைக் கொன்ற கணக்கில்தான் சேரும். ராஜேந்திரனே ஆடினாலும் அதே கணக்குதான்.

விளையாட்டுதானே? சரி, விளையாட்டு இல்லாத இடத்துக்கு வாருங்கள். வியட்நாம் போரில் அமெரிக்கப் படைக்குப் பிடிக்க வேண்டிய எல்லைக்கோடு என்று தெளிவாக ஒன்றும் இல்லை. ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்று எப்படித் தெரியும்? ராணுவ மந்திரி மெக்னமாரா புள்ளிவிவரப் புலி. போர்டு கார் கம்பெனித் தலைவராக இருந்து வந்தவர். அவர் காலத்தில் எண்ணிக்கையே எல்லாம் ஆனது. எண்ணிக்கைகளில் முக்கியமானது பிணங்களின் எண்ணிக்கை. அதிகப் பிணம் காட்டிய அதிகாரிக்கு நல்ல பெயர். விளைவு? வயலில் செத்துக் கிடந்த விவசாயியும் எதிரிப் படை வீரன் என்று கணக்கில் ஏறினான். காகிதத்தில் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். 1975-ல் சைகோன் விழுந்தது.

அதே வியட்நாமில் இன்னொரு கூத்து. 1902-ல் ஹனோயில் எலித்தொல்லை. எலியைக் கொன்று வாலைக் கொண்டு வந்தால் காசு என்றது பிரெஞ்சு சர்க்கார். வால்கள் குவிந்தன. எலி மட்டும் குறையவே இல்லை. ஊருக்குள் பார்த்தால், வால் இல்லாத எலிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன! வாலை நறுக்கிவிட்டு எலியைக் குட்டி போட அனுப்பிவிட்டார்கள் நம்மைப் போன்ற புத்திசாலிகள்.

நீங்கள் எதற்கு மார்க் போடுகிறீர்களோ, அதுதான் கிடைக்கும். எதற்காகப் போட்டீர்களோ, அது கிடைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மகனை டியூஷனுக்கு அனுப்பியிருக்கிற எந்த அப்பாவுக்கும் இதை நான் விளக்கவேண்டியதில்லை.

எம்டனுக்கு வருவோம். அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் விசித்திரமான ஆள். 1914 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இந்தியப் பெருங்கடலில் இருபதுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களைப் பிடித்தார், பெரும்பாலானவற்றை மூழ்கடித்தார். ஆனால் மூழ்கடிக்கும் முன்னால் அதிலிருந்த மாலுமிகளை இறக்கி, பிடித்த கப்பல்களிலேயே ஒன்றில் ஏற்றிப் பத்திரமாகத் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரை ஜென்டில்மேன் என்று பாராட்டின. கொலைக்கு மார்க் என்றால், முல்லர் மாலுமிகளை அனுப்பிவைத்த ஒவ்வொரு முறையும் முட்டை வாங்குகிறார். வீணாய்ப் போன நேரத்துக்கு மைனஸ் வேறு.

"அப்போ காப்பாத்துறதுக்கு பாயின்ட் குடுத்துரலாம் சார்" என்றார்கள். கொடுத்தார்கள். ஒரு ராத்திரி ஆடிப் பார்த்தார்கள். எம்டனாக ஆடியவன் என்ன செய்தான் தெரியுமா? போர் பக்கமே போகவில்லை. சின்னச் சின்னப் படகாகப் பார்த்துப் பிடித்து, ஆட்களை இறக்கி, காப்பாற்றி, திரும்பவும் பிடித்து, திரும்பவும் காப்பாற்றி... மகாத்மா ஆகிவிட்டான். நம்பர் ஒன்!

கருணைக்கு மார்க் போட்ட மறுநிமிஷம் அது கருணை இல்லை, வால் நறுக்கின எலி. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதியிருக்குமே, அந்தச் சாதி.

அடுத்து இன்னொருவன், கெட்டிக்காரன், ஒரு யோசனை சொன்னான். ஒரே ஒரு எம்டன், எதிரே பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். ஆட்டமே சமமில்லை. எம்டன் எப்படியும் தோற்கும். நிஜத்திலும் 1914 நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. எம்டனில் 130 பேருக்கு மேல் செத்தார்கள். அதனால் யார் ஜெயித்தார் என்று பார்க்காமல், சரித்திரத்தில் நடந்ததைவிட நன்றாகச் செய்தாரா என்று பார்ப்போம் என்றான். நவம்பர் 10-ம் தேதி எம்டன் மிதந்துகொண்டிருந்தால் எம்டனுக்கு பிளஸ். சென்னையில் ஒரு டாங்கோடு போனால் சென்னைக்கு பிளஸ். கோடு போட வேண்டிய இடத்தில் சரித்திரமே கோடு போட்டுக் கொடுக்கிறது. சரித்திர விளையாட்டு தயாரிக்கிற பலரும் கையாளுகிற முறைதான் இது. நியாயமான முறையும்கூட.

எனக்கும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து ராத்திரி படுத்தபிறகுதான் இடித்தது.

சரித்திரம்தான் ஆரம்பக் கோடு என்றால், அன்றைக்கு நிஜமாகவே செத்தவர்களின் கதி? அவர்களுக்கு பூஜ்யம். அந்த எண்ணிக்கை வரை கொன்றால் மைனஸ் இல்லை, பிளஸ் இல்லை, ஒன்றுமே இல்லை. நடந்துபோனது என்பதாலேயே அவர்கள் சாவு இலவசமாகிவிடுகிறது. விளையாட்டில் மட்டுமா? 'அந்தக் காலத்துல அப்படித்தான்', 'போர்னா நாலு பேர் சாகத்தான் செய்வான்' என்று நாம் பேசுவதெல்லாம் இந்தக் கணக்குதானே! பழைய சாவு எல்லாவற்றையும் பூஜ்யத்தில் தள்ளிவிட்டு, புதுச் சாவுக்கு மட்டும் வட்டி போடுகிறோம்.

மறுநாள் சொன்னேன். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னா சார், ஒண்ணு விட்டா ஒண்ணு புடிக்கிறீங்க" என்றான் கெட்டிக்காரன். கோபம்தான். ஆனால் அந்த வரியை அழித்துவிட்டான்.

நம் முன்னோர்களும் மார்க் போட்டிருக்கிறார்கள். யுத்தத்தில் ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குத்தான் பரணி என்று நம் இலக்கணத்தில் கணக்கு உண்டு. 999 என்றால் பரணி கிடையாது போலிருக்கிறது; கட்-ஆஃப் மார்க் நமக்குப் புதிதில்லை. ஆனால் அதே ஆட்கள், ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் நடுகல் நட்டார்கள். மாடு திரும்பி வந்ததா என்று மட்டும் பார்த்துக் கல் நடவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வெண்ணி. கரிகாலன் அங்கே சேர மன்னன் பெருஞ்சேரலாதனை ஜெயித்தான். மார்பில் பாய்ந்த வேல் முதுகைத் துளைத்துக்கொண்டு போனதால், புறப்புண் பட்டுவிட்டதே என்று வெட்கப்பட்டு, சேரன் வடக்கிருந்து உயிரை விட்டான். அந்த ஊர்ப் புலவர், வெண்ணிக் குயத்தியார். பானை வனைகிற குலத்துப் பெண்மணி என்று பெயரே சொல்கிறது. அவர் கரிகாலனைப் பார்த்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 66-வதாக இருக்கிறது. ஜெயித்தவன் நீதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று கேட்கிறார். ஜெயித்த ராஜாவின் முகத்துக்கு நேரே!

கவனியுங்கள். அந்த அம்மாள் ரிசல்ட்டை மாற்றவில்லை. சேரனுக்குப் பத்து மார்க் கூட்டிப் போட்டு அவன்தான் ஜெயித்தான் என்று அறிவிக்கவில்லை. வெற்றி ஒரு நோட்டில், நல்லவன் யார் என்பது இன்னொரு நோட்டில். இரண்டையும் கூட்டவே இல்லை. கூட்டினால் இரண்டாவது நோட்டும் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைத்தான் பையன்களுக்குச் சொன்னேன். பாயின்ட்டைக் கப்பலுக்கும் டாங்குக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனுஷனுக்கு பிளஸ்ஸும் வேண்டாம், மைனஸும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் யார் யாரைக் கொன்றார்கள், யாரை விட்டார்கள் என்று கூட்டல் கழித்தல் இல்லாமல் ஒரு பட்டியல் மட்டும் ஓடட்டும். அதைப் பார்த்துவிட்டு எட்டுப் பேரும், 'இவன் ஒழுங்காக ஆடினான்' என்று ஒரு பெயரைச் சொல்லட்டும். அதற்குப் பரிசு கிடையாது, ரேங்க் கிடையாது.

"ஃபிரெண்டுக்கு ஃபிரெண்டு ஓட்டுப் போட்டுக்குவான் சார்."

போடட்டுமே. பரிசே இல்லாத ஓட்டை எத்தனை நாளைக்குக் கள்ளத்தனமாகப் போடுவான்? இது என் நம்பிக்கை. நிரூபணம் இல்லை.

"எண்ணெய் டாங்குல வேலை செய்ற வாட்ச்மேன் மனுஷனா, டாங்கா?" இது அடுத்தவன். நியாயமான கேள்வி. இதே பெரம்பூர் பக்கம் பின்னி மில்லில் பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்தார்கள். தறியில் நின்ற தொழிலாளி போரில் சேர்த்தியா இல்லையா? துணி நெய்தவன் மேல் குண்டு போடலாம் என்றால், அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டவள்? எங்கேயோ ஒரு இடத்தில் கோடு போட்டே ஆகவேண்டும். நான் தறிக்கு முன்னாலேயே போட்டுவிடுவேன். டாங்கு டாங்குதான், வாட்ச்மேன் மனுஷன்தான்; டாங்கைச் சுடுகிறவன் வாட்ச்மேனும் அங்கே இருந்தான் என்பதைப் பட்டியலில் படித்தே தீரவேண்டும்.

இன்னொன்றுக்கு என்னிடம் சுத்தமாக விடை இல்லை. அன்றைக்கு எம்டன் போட்ட குண்டுகளைவிடப் பெரிய சேதம் பயம்தான். அடுத்த நாளிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தைவிட்டு நகரவே பயந்தன. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பொல்லாத ஆளை 'எம்டன்' என்கிறோம். 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'தான். இந்தப் பயத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சென்னைத் துறைமுகமாக ஆடியது அந்தக் கெட்டிக்காரனின் தங்கை. காலேஜ் முதல் வருஷம். 1914-ல் நிஜமாக அந்த ராத்திரி துறைமுகத்தில் விளக்குகள் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தன. எம்டனுக்கு வழி தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. அந்தப் பெண் சாயங்காலமே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டாள். கலங்கரை விளக்கம் உட்பட. எம்டன் இருட்டில் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஒரு குண்டும் போடாமல் போய்விட்டது. டாங்கு எரியவில்லை. யாரும் சாகவில்லை. யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. அவளுடைய ஸ்கோர் பூஜ்யம், பட்டியலும் காலி.

"நடக்காததுக்கு எப்படிம்மா பாயின்ட் குடுக்குறது?" என்றான் அண்ணன்.

"கரென்ட் பில்லையாவது கழிச்சுக் குடு" என்றாள்.