யசோதைக்கு யார் துணை?

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் பெரிய நீதிமன்றக் கட்டிடத்துக்குப் பின்பக்கம், போர்த்தா கரீனி என்ற பழைய வாயிலைத் தாண்டினால் கபோ சந்தை தொடங்கிவிடும். வாள்மீனைத் துண்டுபோடும் கத்திச் சத்தம், கடலை மாவில் பொரித்த பனெல்லே வாசனை, ராகம்போட்டு விலை கூவும் வியாபாரிகள். இந்தச் சந்தடிக்குள்தான் மெர்சேதே மாதாவின் கோயிலும் இருக்கிறது. 1218-இல் பார்சிலோனாவில் பேதுரு நொலாஸ்கோ தொடங்கிய மெர்சேதாரியர் சபையின் மாதா அவர். கடல்வழியில் பிடிபட்டு அடிமையானவர்களைப் பணம் கொடுத்து மீட்பதே அந்தச் சபையின் வேலை. தேவைப்பட்டால் கைதிக்குப் பதிலாகத் தானே பிணையாக நிற்பேன் என்று ஒவ்வொரு துறவியும் தனியே ஒரு வார்த்தைப்பாடு கொடுப்பார்.

அதே கடலைத் தாண்டி இன்று பிள்ளைகள் தனியே வருகிறார்கள். 2016-ஆம் ஆண்டில் மட்டும் பெற்றோரோ உறவினரோ துணையின்றி 25,846 சிறார் இத்தாலியில் கரையிறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். காம்பியா, கினியா, எகிப்து, நைஜீரியா, எரித்ரியா என்று பல நாட்டுப் பிள்ளைகள். லிபியாவில் அடைத்து வைக்கப்பட்டு, ஊரிலிருந்து வீட்டார் கடன் வாங்கிப் பணம் அனுப்பிய பிறகே வெளியே விடப்பட்டவர்கள் அவர்களுக்குள் பலர். மீட்புப் பணம் என்பது பழைய கதையாகிவிடவில்லை.

இத்தாலியச் சட்டம் இவர்கள் விஷயத்தில் மனிதத்தன்மையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைக்குக் குடும்பத்தில் வளரும் உரிமை உண்டு என்பது 1983-இன் 184-ஆம் இலக்கச் சட்டத்தின் அடிப்படை. 2001-இல் அதைத் திருத்தியபோது, அநாதை இல்லங்களை 2006 டிசம்பர் 31-க்குள் மூடிவிடவேண்டும் என்று கெடு வைத்தார்கள். பெற்றோரின் வறுமை அந்த உரிமைக்குத் தடையாகக் கூடாது என்றும் சேர்த்தார்கள். 2017-இன் 47-ஆம் இலக்கச் சட்டம், தனியே வந்த சிறாரை விடுதியில் வைப்பதைவிடக் குடும்பத்தில் வைப்பதற்கே முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆனால் குடும்பம் கிடைக்கவேண்டுமே! மிகப் பெரும்பாலான பிள்ளைகள் இன்னமும் விடுதிகளில்தான் இருக்கிறார்கள்.

குடும்பங்கள் தயங்குவதற்குப் பணமும் இடமும் காரணம்தான். அதைவிட ஆழமான காரணம் வேறு. தத்தெடுத்தால் பிள்ளை நம்முடையதாகிவிடும், நம் குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பிள்ளையை ஏற்கும் வளர்ப்பில் அது இல்லை. பெற்றவர்கள் பெற்றவர்களாகவே இருப்பார்கள், பெயர் மாறாது, காலக்கெடு பொதுவாக 24 மாதம்; அதை நீட்டிக்க நீதிமன்றத்தைக் கேட்கவேண்டும். “பாசம் வைத்துவிட்டு எப்படிப் பிரிவது?” என்பதே வளர்க்க அழைக்கப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. திருப்பிக் கொடுக்கவேண்டிய பிள்ளை மேல் வைக்கிற அன்பு முழு அன்பாகுமா?

தமிழர் கும்பிடுகிற தெய்வங்களில் இரண்டு பேர் இப்படி வளர்ந்தவர்கள்தாம். கண்ணன் ஆயர்பாடியில் வளர்ந்து, ஒருநாள் வடமதுரைக்குத் தேரேறிப் போனான். யசோதைக்கு அவன் திரும்பக் கிடைக்கவில்லை. குலசேகர ஆழ்வார் இன்னும் ஒருபடி மேலே போய், பெற்றும் பிள்ளையின் மழலையைக் காணக் கொடுத்துவைக்காத தேவகிக்காக ஒரு பதிகமே பாடினார். வளர்த்தவளைப் போற்றும்போது பெற்றவளின் துயரையும் மறக்காத மனம் அது. காம்பியாவிலிருந்து இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைக்கிற தாய்க்கு, பலெர்மோ வீட்டு வரவேற்பறையில் இடம் விடுகிற மனமும் அதுவே. முருகனுக்கோ ஆறு வளர்ப்புத் தாய்மார். உமை பிள்ளையை எடுத்துக்கொண்ட பிறகும் அவர்கள் நினைவு அழியவில்லை. கார்த்திகை விரதம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

கடல் தாண்டி வந்த இந்தப் பையன்களில் பலர் முஸ்லிம்கள். தந்தையைப் பிறக்கும் முன்பே இழந்த நபிகளை ஹலீமா பாலூட்டி வளர்த்துத் தாயிடம் திருப்பி ஒப்படைத்தார். பின்னர் பாட்டனாரும், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபும் வளர்த்தார்கள். வளர்ப்புப் பிள்ளையை அவனுடைய தந்தையின் பெயராலேயே அழையுங்கள் என்கிறது குர்ஆன். பெயரை மாற்றாத இத்தாலிய வளர்ப்பு முறை அந்தப் பையனின் மார்க்கத்துக்கும் ஒத்துப்போகிறது.

ஆக, கேள்விக்குச் சமயங்களின் பதில் தெளிவாகவே இருக்கிறது: சொந்தம் கொண்டாடாத அன்பு முழு அன்புதான். ஆனால் பக்தியிலும் ஓர் ஆபத்து உண்டு. வளர்க்கிறவளைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால், அது நம்மால் ஆகாத காரியம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். கதைகள் அப்படி ஒதுங்க விடுவதில்லை. யசோதை தனியாக வளர்க்கவில்லை. வெண்ணெய் பறிகொடுத்தும், கோள் சொல்லியும், கோபித்துக்கொண்டும் ஆயர்பாடி முழுவதுமே அவனை வளர்த்தது. முருகனுக்கு ஒருத்தி போதவில்லை.

ஒரு வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்தால் துணை ஏன் வேண்டும் என்று புரியும். நோன்பு மாதத்தில் பையன் விடியுமுன் எழுந்து அடுப்படியில் பாத்திரம் உருட்டுவான். இரவில் அறைக்கதவைப் பூட்டிக்கொள்வான், அல்லது பூட்டிய கதவைக் கண்டாலே பதறுவான். வளர்ப்புத் தந்தை பள்ளிக்கூடம் போ என்பார். அவனுக்கோ ஊரில் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும், நாளைக்கே வேலை வேண்டும் என்பான். இருவர் சொல்வதும் சரி. அந்த இரவில் அந்தக் குடும்பத்துக்குத் தேவை பாராட்டு மடல் அல்ல. தொலைபேசியை எடுக்கிற ஒரு சமூகப் பணியாளர், பையனின் மொழி தெரிந்த ஒருவர், இதே பாட்டைப் பட்ட இன்னொரு குடும்பம். யுனிசெப்பும் சி.என்.சி.ஏ. என்ற இத்தாலிய அமைப்பும் சிசிலியிலிருந்த பிள்ளைகளுக்காக 2017-இல் தொடங்கிய ‘தெர்ரெஃபெர்மே’ திட்டம், குடும்பங்களைப் பயிற்றுவித்து உடன் நிற்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. ஆள் தேடுவதும் ஆதரவு கொடுப்பதும் இரண்டு வேலைகள் என்று நினைக்கிற நிர்வாகம் இரண்டிலும் தோற்கும். கைவிடப்பட்ட ஒரு வளர்ப்புக் குடும்பத்தின் கதை சந்தை முழுக்கப் பரவினால், அடுத்த குடும்பம் கதவைத் திறக்காது.

இந்த அழைப்பு பலெர்மோத் தமிழரையும் சேர்த்ததுதான். 1980-களிலிருந்து இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்து இந்நகரில் வேர்விட்டவர்கள் அவர்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறி நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். இரண்டு அறை வீடு, வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்புமாக ஓடும் நாள்; நம்மால் எப்படி முடியும் என்று அவர்கள் கேட்கலாம். சட்டம் பணக்காரரைத் தேடவில்லை, தனியாக வாழ்பவரையும் ஏற்கிறது. முழுநேர வளர்ப்பைத் தவிர, பகலில் சில மணி நேரமோ வார இறுதியோ மட்டும் பிள்ளையை ஏற்கும் பகுதிநேர வளர்ப்பும் இத்தாலியில் நடைமுறையில் இருக்கிறது. மாநகராட்சியின் சமூக சேவைப் பிரிவில் விசாரித்துத் தொடங்கலாம். பையனுக்குப் பதினெட்டு வயது ஆனாலும் 47-ஆம் இலக்கச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி சிறார் நீதிமன்றம் அவனுக்கான ஆதரவை 21 வயது வரை நீட்டிக்க முடியும். பதினேழாவது வயதில் வந்தவனுக்கு இனி என்ன செய்ய முடியும் என்று கைவிரிப்பவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.