தமக்கைக்கு ஒரு கடிதம்

மயக்க மருந்து ஐரோப்பிய வைத்தியத்தில் வழக்கிற்கு வராத 1811-ஆம் ஆண்டில், ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி அம்மையார், பாரிஸ் நகரத்துத் தமது இல்லத்திலேயே, நெப்போலியனின் படை வைத்தியரான லாரே முதலியோர் முன்னிலையில், மது கலந்த பானமொன்றை மட்டும் அருந்தி, முகத்தின்மீது மெல்லிய துணியொன்றைப் போர்த்தியவராய், மார்பகப் புற்றுக்கான சஸ்திர சிகிச்சையைச் சகித்தார். அந்த வேதனையைக் காட்டிலும் என் மனத்தை வருத்துவது, அதன் பின்னர் நேர்ந்த மௌனமே. அந்தச் சிகிச்சையைக் குறித்துப் பேச முற்பட்டாலே அனைத்தையும் மீண்டும் அனுபவிப்பது போலிருந்தமையால், தமக்கை எஸ்தருக்கு 1812-இல் எழுதத் தொடங்கிய கடிதத்தை முடிக்க அவருக்குச் சுமார் மூன்று மாத காலமாயிற்று. எழுதியதைத் திரும்ப வாசிக்கவும் துணிவு வரவில்லை. இன்றும், புண் ஆறியதும் எல்லாம் தீர்ந்ததென எண்ணி, "அதை மறந்துவிடு அம்மா" என்று அன்புடனேயே வாயடைத்துவிடும் உறவினர், சிகிச்சைகள் யாவும் முடிந்த பின்னரே அநேக ஸ்திரீகளுக்குப் பயமும் துக்கமும் மேலெழுகின்றன என்பதை அறியார். செவிகொடுக்க ஒரு தமக்கை வாய்த்தது பர்னியின் பாக்கியம். 1814-இல் தமது அடுத்த நாவலை வெளியிட்ட அவர், 1840 வரை ஜீவித்திருந்தார்.