தேர் பெற்ற கொடியும் உயிர் குடித்த மரமும்

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்று படிக்கும்போது நம் இளைஞரிற் சிலர் நகைக்கின்றனர். "கொம்பொன்றை நட்டால் போதாதா? கொடிக்குத் தேரைக் கொடுப்பது வள்ளன்மையா, மடமையா?" என்கின்றனர். கேட்கட்டும், கேட்பதற்காகத்தானே மன்றங்கள் கண்டோம்! ஆனால் இக்கேள்வி பாரியோடு நின்றுவிடலாகாது. நன்னனிடமும் சென்றாக வேண்டும்.

நன்னனுக்கும் ஒரு மரம் இருந்தது, மாமரம். அவனது காவல்மரம் என்பர். அந்நாளில் மன்னனின் காவல்மரத்தை வெட்டுவது, அவன் கோட்டையை இடிப்பதற்கு ஒப்பு. அம்மரத்துப் பசுங்காய் ஒன்று நீரில் மிதந்து வந்தது. நீராடச் சென்ற இளம்பெண்ணொருத்தி எடுத்துத் தின்றாள். அவ்வளவே குற்றம்! அவள் எடைக்கு எடை பொன்னாலான பாவை, அதனோடு 81 யானைகள், இவ்வளவும் தருகிறோம், பெண்ணின் உயிரை விட்டுவிடு என்றனர். நன்னன் இசையவில்லை, கொன்றான். பரணர் இக்கொடுமையைக் குறுந்தொகையின் 292ஆம் பாட்டில், காதற் செய்தியொன்றுக்கு உவமையாக்கி, அவனைப் போல் நரகம் புகுக என்று சபிக்கவும் வைக்கிறார். நரகத்தை நாம் நம்புவதில்லை. புலவரின் சினத்தை நம்புகிறோம். பின்னாளில் கோசர் நன்னனின் மாமரத்தையே வெட்டி வீழ்த்தினர் என்பதும் பரணர் வாயிலாகவே நாம் அறிவது. தன்னையே காத்துக்கொள்ள மாட்டாத மரத்திற்காக ஒரு பெண்ணின் உயிர் போயிற்று!

பாரியும் மரஞ்செடியைப் போற்றினான், நன்னனும் போற்றினான் என்று ஒரே தட்டில் நிறுத்தலாமா? பாரி இழந்தது தன் தேரை. நன்னன் பறித்தது பிறர் உயிரை. மேலும், பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் இரவலர் முன்னமே பெற்றுவிட்டனர் என்கிறார் கபிலர். மாந்தர்க்கு ஈந்து ஈந்து பழகிய கை அது. வழியில் தளர்ந்து கிடந்த கொடியைக் கண்டதும் தானே நீண்டது. அவன் முல்லையைக் கும்பிடவில்லை, அதற்குப் படையலிடவில்லை. பற்றிப் படரக் கொம்பில்லையே என்று இரங்கினான். கொம்பு நடுவதே சிக்கனம் என்ற நண்பர்களின் கணக்கு சரிதான். இரக்கம் சில வேளை கணக்குத் தப்பும், அதனால் எவர் உயிரும் போவதில்லை.

நன்னன் மாண்டான்; அவன் நெஞ்சம் மாளவில்லை. நம் சிற்றூர்களில் அரசுக்கும் வேம்புக்கும் திருமணம் செய்விக்கின்றனர். மஞ்சள் பூசி, தாலி கட்டி, மேளம் முழங்கி, ஊர்கூடி விருந்தும் உண்கின்றனர். அரசும் வேம்பும் ஒரே இனமா, தோழர்களே? இலை வேறு, பூ வேறு, கனி வேறு. அங்கே எவரும் குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அடுத்த முறை ஊர்ப் பெரியவர்கள் மரங்களின் மணவிழாவுக்கு நம்மை அழைக்க வருவார்கள். மறுத்துவிட வேண்டா. சென்று, பந்தலில் அமர்ந்து, அவர்கள் தாலியை எடுக்கும் வேளையில், மணமக்கள் எந்தச் சாதி என்று கேட்போம்.