இரண்டு பயங்கள்

அமெரிக்காவில் அறுவை மருத்துவப் பயிற்சி ஜூலை மாதத்தை ஒட்டித் தொடங்குகிறது. அயல்நாட்டில் பட்டம் பெற்றவர் தகுதித் தேர்வுகளைத் தாண்டி, ஐந்தாண்டுப் பயிற்சிக்குள் நுழைகிறார். சொந்த ஊரில் கத்தி பிடித்துப் பெயர் எடுத்தவரும் அங்கே மறுபடி முதல் வகுப்பு மாணவர்தான். வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரம் என்று 2003-இல் வேலைக்கு வரம்பு கட்டினார்கள். பயத்துக்கு யார் வரம்பு கட்டுவது?

அந்தப் பயம் கோழைத்தனமா? நான் அப்படி நினைக்கவில்லை. பயம் இருவகை. 'என் பெயர் கெடுமோ' என்பது ஒன்று. 'இந்த உயிருக்குத் தீங்கு நேருமோ' என்பது மற்றொன்று. முன்னது, தெரியாததைக் கேட்கவிடாமல் வாயை அடைக்கும். பின்னது, நள்ளிரவிலும் மூத்தவரை எழுப்பிக் கேட்கச் சொல்லும். முன்னதை விட்டொழிக்கத்தான் வேண்டும். பின்னதை ஓய்வு பெறும் நாள்வரை காப்பாற்ற வேண்டும். மேஜைமேல் படுப்பவன் நானானால், அஞ்சவே தெரியாத கையை நம்பமாட்டேன்.