சூரைச்செடியின் கீழே ஒரு வேலையாள்



வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்குக் கை முறிந்தால், "உமக்கு விசுவாசம் போதாது" என்று யாரும் சொல்லுகிறதில்லை. பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். அதே வேலையினால் மனம் முறிந்தால் மாத்திரம், "என்ன பிரதர், ஜெபக் குறைவா? எல்லாருக்குந்தான் டென்ஷன் இருக்கு" என்று சொல்லிக் கடந்துபோகிறோம். முறிந்த மனதுக்கு யார் பொறுப்பு? முறிந்தவரா, அவரிடத்தில் வேலை வாங்கினவர்களா?

இங்கிலாந்தில் நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். நார்தம்பர்லேண்டில் வாக்கர் என்பவர் அரசு சமூகநல அதிகாரியாயிருந்தார். கொடுமைக்குள்ளான பிள்ளைகளின் வழக்குகள் அவர் கையில் குவிந்தன. 1986 நவம்பரில் மனம் தளர்ந்து விழுந்தார். 1987 மார்ச்சில் வேலைக்குத் திரும்பியபோது, உதவிக்கு ஆள் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குள் அந்த உதவி நின்றுபோயிற்று, வேலையோ குறையவில்லை. செப்டம்பரில் மறுபடியும் விழுந்தார். 1988ல் சுகவீனத்தைக் காரணங்காட்டி வேலையைவிட்டு நீக்கினார்கள்.

1994ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. முதல் தரம் அவர் விழுவார் என்று நிர்வாகம் முன்னதாக அறிந்திருக்க முடியாது. ஆகையால் அதற்குப் பொறுப்பல்ல. இரண்டாந்தரமோ அப்படியல்ல. ஒருதரம் விழுந்தவர் என்று தெரிந்திருந்தும் அதே பாரத்தை ஏற்றினார்கள். ஆகையால் பொறுப்பு உண்டு.

இதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தெரியாதவரைக்கும் ஒரு நியாயம், தெரிந்தபின் வேறு நியாயம்.

"அப்படின்னா ஒண்ணும் கேட்காமலே இருந்துட்டா பொறுப்பு வராதே?" என்று சிலர் நினைக்கலாம். நீதிமன்றத்தில் ஒருவேளை தப்பலாம். தேவனுக்கு முன்பாகத் தப்ப முடியுமா? அவர் எல்லாம் அறிந்தவராயிருந்தும் எலியாவிடம் கேட்டாரே!

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கின மனுஷன், யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடிப்போய், சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்கிறான். இவன் விசுவாசம் இல்லாதவனா? தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. முதலாவது, தூங்க விட்டார், சாப்பிடக் கொடுத்தார். அதுவும் இரண்டு தரம். பிறகு, பேச விட்டார். அவன் அதே புலம்பலை இரண்டு தரம் சொன்னபோதும் பொறுமையாய்க் கேட்டார். மூன்றாவது, வேலையைத் திரும்பக் கொடுத்தார். கூடவே எலிசாவையும் கொடுத்தார். வாக்கருக்குக் கொடுத்த உதவி ஒரு மாதத்தில் போயிற்று. எலிசாவோ கடைசிமட்டும் எலியாவை விட்டுப் பிரியவில்லை.

"நான் நாலு பேரை வச்சுக் கடை நடத்துறேன். ஒருத்தர் வேலையை மத்த மூணு பேர் தலையில ஏத்தினா அது அநியாயம் இல்லையா?" என்று ஒரு முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே எத்தனை வாரத்துக்கு என்று எல்லாரிடமும் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். தள்ளிவைக்கக்கூடிய வேலையைத் தள்ளிவையுங்கள். திரும்பி வருகிறவருக்கு முதலில் அரைநாள் வேலை கொடுத்து, பிறகு கூட்டுங்கள். யாரோ அவரை அவமானப்படுத்தினதினால் மனம் முறிந்திருந்தால், அதே ஆளின் கீழே மறுபடியும் உட்கார வைக்காதிருங்கள். அவர் மறுபடியும் விழுந்தால், அந்த மூன்று பேர் நெடுநாள் சுமக்க வேண்டியிருக்குமே!

சபையாருக்கும் ஒரு வார்த்தை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அவருடைய பெயரை மைக்கில் சொல்லாதிருங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுகிறது அவிசுவாசமல்ல. ஜெபிக்கிற அதே வாய் "டாக்டரைப் பார்க்க நானும் கூட வரேன்" என்றும் சொல்லட்டும். நம் தேசத்தின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சரீர வியாதிக்காரருக்குச் சமமாய் மனநோயாளியையும் நடத்தவேண்டும் என்கிறது. 2022ல் தொடங்கின அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாய் அழைக்கலாம்.

பிரியமானவர்களே, உங்கள் ஆபீசில், கடையில், பட்டறையில் சூரைச்செடியின் கீழே படுத்திருக்கிறவர் யார்? உங்களுக்கு அவரைத் தெரியும். தெரிந்துவிட்டபடியால் இனி நீங்கள் பொறுப்பாளி. இந்த வாரமே அவரண்டை போங்கள். அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டு, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கர்த்தர்தாமே உங்களை ஒரு எலிசாவாக எழுப்புவாராக. ஆமென்.