இன்னும் ஓர் ஆண்டு

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு மறையுரை (லூக்கா 13:1-9)



மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் தோட்டத்தின் உரிமையாளர். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. மரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நல்ல மண்ணின் சத்தை வீணாக உறிஞ்சுகிறது. தோட்டத் தொழிலாளர் அதை மறுத்துப் பேசவில்லை. மரத்தில் குறையே இல்லை என்று அவர் சாதிக்கவும் இல்லை. இந்த ஓர் ஆண்டு விட்டுவையுங்கள், நான் சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று கேட்கிறார். காய்க்காத மரத்துக்காகப் பரிந்து பேசியவரே அந்த ஆண்டின் உழைப்பையும் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். பரிந்து பேச நம்மில் பலர் இருக்கிறோம். மண்வெட்டியை எடுக்க வரும்போதுதான் ஆள் குறைகிறது. இதைப் பற்றிப் பேச, தோற்றுக்கொண்டே இருந்த ஒரு பள்ளிக்கூட அணியின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கான்கார்டு என்று ஓர் ஊர். அங்கே 1965-இல் லசால் சபை அருட்சகோதரர்கள் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். பெயர் தே லா சால் பள்ளி. நம் தூத்துக்குடியில் பள்ளி நடத்துகிற அதே சபையினர்தான். அவர்களுடைய நிறுவனர் புனித ஜான் பாப்டிஸ்ட் தே லா சால், 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகத் தம் சொத்தையும் பதவியையும் விட்டவர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

அந்த நாட்டில் கால்பந்து என்று சொல்வது நம் பிள்ளைகள் மாலையில் ஆடுகிற ஆட்டத்தை அன்று. முனை கூர்ந்த நீள்உருண்டைப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து ஒருவரோடொருவர் மோதுவார்கள். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பதினொரு பேரில் ஐந்து பேர் முன்வரிசையில் நின்று எதிராளியைத் தள்ளி, பின்னால் வருகிறவன் ஓட வழி திறந்துகொடுப்பார்கள். பந்தை ஏந்தி ஓடும் வாய்ப்பு அந்த ஐவருக்குப் பெரும்பாலும் வராது. மறுநாள் செய்தித்தாளிலும் அவர்கள் பெயர் வராது. வெள்ளிக்கிழமை இரவானால் பள்ளி மைதானத்தில் ஊரே கூடிவிடும். அணி தோற்றால் பயிற்சியாளரை மாற்று என்ற குரல் மறுநாளே கேட்கும்.

தே லா சால் பள்ளியின் அணி தோற்றுக்கொண்டிருந்தது. 1979 வரை, தோல்விகளைவிட வெற்றிகள் கூடுதலாக இருந்த ஒரு பருவத்தைக்கூட அந்த அணி கண்டதில்லை. அந்த ஆண்டில்தான் பாப் லடூசர் என்ற இளைஞர் பயிற்சியாளராக வந்தார். பெரிய பெயர் எதுவும் அவருக்கு அப்போது இல்லை. அதே பள்ளியில் மறைக்கல்வி கற்பித்தார். வகுப்பறையில் நற்செய்தியைப் பற்றிப் பேசுகிறவரே மாலையில் மைதானத்திலும் நின்றார். காலையில் ஒன்றைச் சொல்லி மாலையில் வேறொன்றைச் செய்தால் பிள்ளைகள் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பரீட்சையை அவர் நாள்தோறும் எழுத வேண்டியிருந்தது.

அவர் முதலில் கொத்தியது உடல் உழைப்பில். போட்டிகள் முடிந்து மற்ற அணிகள் ஓய்வெடுக்கும் மாதங்களில் இந்தப் பிள்ளைகள் எடை தூக்கினார்கள், ஓடினார்கள். எதிரணிப் பையன்கள் ஆளுக்கு ஆள் பருமனாக இருப்பார்கள். இவர்கள் சிறியவர்கள். ஆகவே பந்து அசைந்த கணத்தில் எல்லாரும் ஒன்றாகப் பாய வேண்டும், தாழ்ந்து பாய வேண்டும். முன்வரிசையில் நிற்கிற ஐவருக்கு அந்த ஒரே அசைவைச் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். புதுப்புது உத்திகளைத் தேடி ஓடாமல், பந்தை ஏந்தி ஓடும் பழைய ஆட்டமுறை ஒன்றையே ஆண்டுக்கணக்காகச் செம்மைப்படுத்தினார்கள். பெயர் வராத அந்த ஐவர் பிசகினால் பந்தை ஏந்துகிறவன் எவ்வளவு வேகமானவனாக இருந்தும் பயனில்லை. உடலில் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று பவுல் கொரிந்து மக்களுக்கு விளக்கினாரே, அதை அந்தப் பையன்கள் முழங்கால் மண்ணில் பட, உடம்பால் கற்றார்கள்.

ஆனால் உடற்பயிற்சியை எந்த அணியும் செய்துவிட முடியும். இன்னொன்றைத்தான் நான் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு சிறிய அட்டையை எடுத்து எழுதுவார்கள். இந்த வாரப் பயிற்சியில் நான் இதைச் செய்வேன், ஆட்டத்தில் இதைச் செய்வேன் என்று தெளிவாக எழுத வேண்டும். 'நன்றாக ஆடுவேன்' என்று பொதுவாக எழுதினால் ஏற்கமாட்டார்கள். எழுதியதை எல்லார் முன்பும் நின்று, தோழன் ஒருவனுடைய முகத்தைப் பார்த்து வாசித்து, அட்டையை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். சொன்னபடி செய்தானா என்று கேட்கும் பொறுப்பு இனி அந்தத் தோழனுடையது. பயிற்சியாளருக்குப் பயந்து உழைக்கிற பையன், அவர் முதுகைத் திருப்பினால் நின்றுவிடுவான். பக்கத்தில் ஓடுகிறவனுக்கு வாக்குக் கொடுத்தவனால் அப்படி நிற்க முடியாது.

வியாழக்கிழமை சிற்றாலயத்தில் செபிப்பார்கள். அன்று மாலை அணியில் உள்ள ஒருவனுடைய வீட்டில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். உன்னைக் காயப்படுத்திவிட்டேன், மன்னித்துவிடு என்பான் ஒருவன். நீ இல்லாவிட்டால் இந்த அணியை விட்டே போயிருப்பேன் என்பான் இன்னொருவன். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் நண்பர்கள் முன்னால் கண்ணீர் விடுவார்கள். மறுநாள் இரவு மைதானத்துக்குள் வரும்போது இருவர் இருவராகக் கைகோத்து நடந்து வருவார்கள். முரட்டு ஆட்டத்துக்கு வருகிற பையன்கள் கைகோத்து வருவதைக் கண்ட ஊர்கள் முதலில் வியந்தன.

சகோதரர்களே, குறிப்பாகத் தந்தையரே, உங்களைத்தான் கேட்கிறேன். நம் வீட்டு ஆண் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்ளும் இடம் எது? அழுதால் 'பொம்பளை மாதிரி அழாதே' என்கிறோம். அப்படிச் சொல்லி அவன் தாயையும் தங்கையையும் ஒரே வாக்கியத்தில் தாழ்த்திவிடுகிறோம். அவனுக்கு நன்றி சொல்லவும் வராமல் போய்விடுகிறது. அந்தப் பள்ளியில் ஒரு வியாழக்கிழமைச் சாப்பாட்டு மேசை அதைக் கற்றுக்கொடுத்தது.

லடூசர் 34 பருவங்கள் அங்கே பயிற்சியாளராக இருந்தார். 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமன். 1991-இன் இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் என்ற பக்கத்து ஊர்ப் பள்ளியிடம் தோற்றார்கள். அதற்குப் பின் 1992 தொடங்கி 2003 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றார்கள். அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தில் அதற்குமுன் யாரும் எட்டாத தொடர் வெற்றி அது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி, எங்கெங்கோ இருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வந்து சேர்கிறார்கள் என்று எதிரணியினர் குறை சொன்னதுண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் வசதி குறைந்த அரசுப் பள்ளி அணியின் ஆதங்கம் அது. ஆனால் 1979-க்கு முன்பும் அது தனியார் பள்ளியாகத்தான் இருந்தது. அப்போது அந்த அணி தோற்றுக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இது வெற்றிக் கதையாக முடிந்துபோகும். நற்செய்தியின் முதல் பகுதி நம்மை நிறுத்தவிடவில்லை. அத்திமரத்துக்கு முன்பு அங்கே வருபவை இரண்டு சாவுச் செய்திகள். கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்றான். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மடிந்தார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படி எண்ணுவதை அவர் அடியோடு மறுக்கிறார்.

2004 ஆகஸ்டு 12 அன்று, தே லா சால் அணியில் ஆடி அந்தக் கோடையில் பள்ளிப் படிப்பை முடித்திருந்த 18 வயது மாணவன் ஒருவன், ரிச்மண்ட் நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டான். பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்து, இரண்டு நாளில் புறப்பட வேண்டியவன். வன்முறை மலிந்த பகுதியில் வளர்ந்து, தப்பி மேலே வந்துகொண்டிருந்த பிள்ளை. ஏன் அவன்? ஆண்டவர் இதற்கு விளக்கம் தரவில்லை. நாமும் தர முயல வேண்டாம். துக்க வீட்டில் போய் நின்று காரணம் கண்டுபிடிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கும், தேர்வில் தோற்று உயிரை விட்ட பிள்ளைக்கும் ஊர் ஒரு பாவக் கணக்கு எழுதிவிடுகிறது. அந்தக் கணக்கை ஆண்டவர் கிழித்துப் போட்டுவிட்டார்.

அந்த ஆண்டு லடூசரும் மாரடைப்பிலிருந்து தேறி வந்தவர். மாணவனைப் புதைத்த துக்கம் ஆறும் முன்பே, செப்டம்பர் 4 அன்று சியாட்டில் நகரில், பெல்வியூ பள்ளி அணியிடம் 39-20 என்ற கணக்கில் தோற்றார்கள். 151 ஆட்டங்களின் தொடர் அங்கே முடிந்தது. அந்தப் பருவத்தில் மேலும் தோல்விகள் வந்தன. நிற்பதாக நினைக்கிறவர் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் எச்சரிப்பது இத்தகைய நாள்களை மனத்தில் வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தோல்விக்குப் பிறகும் பிள்ளைகள் அட்டை எழுதினார்கள். வியாழக்கிழமைச் சாப்பாடு நடந்தது. கைகோத்தே மைதானத்துக்குள் வந்தார்கள். வெற்றிக்காக மட்டுமே அவற்றைச் செய்திருந்தால் அந்த செப்டம்பரில் எல்லாம் நின்றுபோயிருக்கும். லடூசர் 2013 ஜனவரியில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபோது, அந்தப் பள்ளியிலேயே படித்து அவரிடமே ஆடிய ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு அத்திமரம் காய்த்ததா என்று ஆண்டவர் சொல்லவே இல்லை. தொழிலாளரின் வேண்டுகோளோடு உவமை முடிந்துவிடுகிறது. தே லா சால் அணி வென்றது, ஆகவே அதன் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே அக்கறையோடு கொத்தி எரு போட்டும் ஒரு கோப்பைகூட வாங்காத பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களிடம் பயின்ற பிள்ளைகள் பிறரை மதிக்கத் தெரிந்த தந்தையராக, வாக்குத் தவறாத தொழிலாளராக எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள். தோட்டத் தொழிலாளர் கேட்டது உழைக்க ஓர் ஆண்டு. விளைச்சலுக்கு அவர் உறுதி கொடுக்கவில்லை.

நம் பங்கிலும் இப்படி நிற்கிற மரங்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் தவறி வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிற பையன், பீடமேற வருவதை நிறுத்திவிட்ட சிறுவன், குடியை விட முயன்று மூன்று முறை தோற்ற அண்ணன். 'அவனை விட்டுவிடுங்கள், சாமி' என்று என்னிடம் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், களைத்துப் போனவர்கள். பள்ளிக்கூட விளையாட்டைப் பற்றியும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பி.டி. பீரியட். கணக்குக்கும் அறிவியலுக்கும் அதைக் கொடுத்துவிடுகிறோம். எல்லாப் போட்டியிலும் தோற்று வருகிற அணியை எதற்கு அனுப்புவது என்று கேட்கிறோம். தோற்கிற பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக மைதானம் வேண்டும். ஒருவனுக்காக ஒருவன் நிற்கிற பாடத்தை அவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட முடியாது.

எனவே இந்தத் தவக்காலத்தில் உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். கோவில் வாசலில் சிறிய அட்டைகளை வைத்திருக்கிறோம். வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். யாரைச் சுற்றி நீங்கள் கொத்தப் போகிறீர்கள், உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் அவருக்காக என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். 'அன்பாக இருப்பேன்' என்று எழுதாதீர்கள். செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு அவனோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்பது போல, நாளும் வேலையும் தெரிய எழுதுங்கள். இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் அதை ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அட்டையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர் உங்களைக் கேட்கட்டும். இளையோர் குழுவும் பீடச் சிறுவர்களும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் என்னோடு இருங்கள். நானும் என் அட்டையை உங்களிடம்தான் தரப்போகிறேன்.

இப்போது விசுவாச அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.